மாதா போத்தலுக்குள் யூக்கலிப்டஸ்

அன்பின் மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். நாங்கள் சுகம்தான். ஆனால் போன கிழமை அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடும். பதறாதே. இப்போது குசினி யன்னல் வழியாக மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள், குரல் இங்கே வரைக்கும் கேட்கிறது. பதற வேண்டியது வேறு ஒன்றுக்கு. அதைத் தொலைபேசியில் சொல்ல வழியில்லை. நீ அழைக்கிற ஒவ்வொரு முறையும் அவள்தான் ஓடிப்போய் எடுக்கிறாள், நான் பேசும்போதும் பக்கத்தில் நின்று என் வாயையே பார்க்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்து முடித்து, உனக்குச் சம்மதமென்றால், பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் கோவிலின் மாத இதழுக்கும் இதைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வேறு வீடுகளிலும் இதே காரியம் நடக்கக்கூடும்.

நீயும் ரொஷாவும் பிள்ளையைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டு, வேலைக்குக் கொழும்புக்குத் திரும்புவதாகச் சொன்ன நாளிலிருந்து உன் அம்மா நிலத்தில் கால் வைத்து நடக்கவில்லை. உன் பழைய சின்னக் கட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, என்னைக் கொண்டு உரசுவித்துப் பெயின்ற் அடிப்பித்தாள். நுளம்பு வலை தைத்தாள். பின்னேரங்களில் ஊருக்குள் திரிகிற மான்கள் எங்கள் வேலியோரம் வந்து செவ்வரத்தைச் செடியைத் தின்றால் முன்பெல்லாம் தும்புத்தடியோடு ஓடுவாள், இப்போது "நிண்டு தின்னட்டும், பேத்திக்குக் காட்ட வேணும்" என்கிறாள். மருமகளுக்கு உதவி என்று வெளியே சொல்கிறாள், உண்மையில் அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். எனக்கும் வேண்டும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, அப்பாவுக்குப் பிள்ளை வருவது விருப்பமில்லைப் போல என்று நீ நினைத்துவிடக்கூடாது.

யூக்கலிப்டஸ் எண்ணெய் எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். வேறு வீடுகளில் உப்பு இல்லாமல் போனால் பதறுவார்கள், எங்கள் வீட்டில் அந்தச் சின்னக் கண்ணாடிப் போத்தல் முடிந்தால்தான் பதற்றம். உனக்குத் தடிமன் வந்தால் மூக்குத் துடைக்கிற லேஞ்சியில் இரண்டு சொட்டு விட்டுச் சட்டையில் குத்திவிடுவாள். அம்மம்மா வீட்டுக்கு, கட்டைபறிச்சானுக்கு, நாங்கள் மூதூர் லோஞ்சில் போன காலம் நினைவிருக்கிறதா? கொட்டியாரக் குடாவில் கொஞ்சம் அலை எழும்பினாலே நீ வெளிறிவிடுவாய். அந்த லேஞ்சியை உன் மூக்கில் பிடித்துக்கொண்டே மூதூர் இறங்குதுறை வரைக்கும் செபமாலை சொல்வாள். எண்ணெய் காத்ததா, செபமாலை காத்ததா என்று நான் பகிடியாகக் கேட்டால், "ரெண்டும் ஒரே இடத்திலயிருந்துதான் வருது" என்பாள். என் முழங்காலுக்கு அதைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசினோம். மழைக்காலத்தில் கொதிநீரில் விட்டு ஆவி பிடித்தோம். நீ யன்னலில் ஒட்டிய கிரிக்கெட் ஸ்டிக்கர்களின் பசையைக்கூட அம்மா அதாலேதான் துடைத்தெடுத்தாள். இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்த பொருளுக்கு யார் பயப்படுவார்கள்? வீட்டு நாயைக் கண்டு வீட்டுக்காரன் பயப்படுவதில்லை.

இனி என் மூக்கைப் பற்றி. துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் முதுகு கூனும் வரைக்கும் வேலை செய்தவன் நான். அந்த இரைச்சலில் காது அரைவாசி போய்விடும், கண்ணுக்கு அங்கே புகையும் வியர்வையும்தான். எங்களைக் காத்தது மூக்கு. பெல்ட் கருகினால் ஒரு மணம், பெயாரிங் சூடானால் ஒரு மணம், டீசல் எங்கேயாவது கசிந்தால் ஒரு மணம். மேலே கப்டன் அறிய முதல் நான் அறிந்துவிடுவேன். லேபல் இல்லாத எந்த எண்ணெய்க் கானையும் என் அறைக்குள் வைக்க விடமாட்டேன். புதிதாக வந்த ஒருவன் சோடாப் போத்தலில் பெயின்ற் தின்னர் ஊற்றி வைத்ததற்காக, அவனை அன்று முழுவதும் படகில் ஏற விடாமல் இறங்குதுறையில் நிற்க வைத்தவன் நான். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் நல்ல சிரிப்பு இல்லை.

கொரோனா வந்தபோது எங்கள் இருவருக்கும் மணம் போனது. அம்மாவுக்கு ஒரு மாதத்தில் திரும்பியது. எனக்கும் திரும்பிவிட்டது என்று உனக்குச் சொன்னோம். திரும்பவில்லை மகன். இன்று வரைக்கும் இல்லை. நீ தூரத்தில் இருக்கிறாய், வேலை, வீட்டு வாடகை, பிறகு ரொஷாவின் வயிற்றில் பிள்ளை, இதற்கிடையில் கிழவனின் மூக்கும் ஒரு கவலையா என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து மறைத்தோம். அம்மா அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டாள். "மூக்கு இருக்குமட்டும் சளி இருக்கும் எண்டுவினம், இந்த மனுசனுக்குச் சளி மட்டும்தான் மிச்சம்" என்று அடுத்த வீட்டு பரீதாவிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். மணம் தெரியாதவனுக்குச் சோறு இறங்கும், கறி கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

இப்போது போத்தலுக்கு வருகிறேன். திருநாளுக்குப் போனால் மாதாவின் உருவத்தில் செய்த சின்ன பிளாஸ்டிக் போத்தல்களில் தீர்த்தம் கொண்டுவருவோமே, தலையிலுள்ள நீலக் கிரீடம், அந்த முடிதான் மூடி, உனக்குத் தெரியும். செபம் சொல்லுகிற மூலையில், எங்கள் சுரூபத் தட்டில் எப்போதும் இரண்டு மூன்று நிற்கும். காய்ச்சல் வந்தால் ஒரு கரண்டி குடிப்போம். போன முறை உன்னிடம் வந்தபோது அம்மாவின் யூக்கலிப்டஸ் போத்தலின் மூடி வெடித்துப்போயிருந்தது. முன்பு ஒருமுறை பஸ்ஸில் அது பைக்குள் கொட்டுப்பட்டு இரண்டு சேலை பாழானது. அதனால், தீர்த்தம் முடிந்து வெறுமையாய் இருந்த ஒரு மாதா போத்தலில் எண்ணெயை ஊற்றி, முடியை இறுக்கிக்கொண்டு புறப்பட்டாள். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. திரும்பி வந்து பையைக் கொட்டியபோது, அந்தப் போத்தலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய இடம் குசினித் தட்டு, மிளகாய்த் தூளுக்கும் பல்லிக்கும் நடுவில். மாதாவைக் கொண்டுபோய் அங்கே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. குளியலறை அலுமாரியில் வைப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே பக்தியோடு துடைத்துச் சுரூபத் தட்டில், மற்றப் போத்தல்களோடு, எரிகிற மெழுகுதிரிக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள். பிறகு மறந்துபோனாள். சுடர் பட்டால் பற்றிக்கொள்ளக்கூடிய எண்ணெய் அது. அதற்கு முன்னால் முழந்தாளில் நின்று எத்தனை பின்னேரம் செபம் சொன்னோமோ தெரியாது.

போன கிழமை மழையில் நனைந்து அம்மாவுக்குக் காய்ச்சலும் தடிமனும். மூக்கு இரண்டும் அடைத்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மத்தியானம், பாண் தோய்த்துக் கொடுத்ததையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, "கொஞ்சம் தீர்த்தம் தாங்கோப்பா" என்றாள். நான் தட்டில் முன்னுக்கு நின்ற போத்தலை எடுத்தேன். நீல முடி திறக்க இறுக்கமாக இருந்தது, விரலில் ஏதோ பிசுபிசுத்தது. மெழுகு வடிந்திருக்கிறது என்று நினைத்தேன். கரண்டியில் ஊற்றினேன், தண்ணீர் போலத்தான் இருந்தது. என் கையில் வேறு எந்தப் போத்தலைத் தந்திருந்தாலும், மூக்கு செத்தவன் என்றாலும், பழக்க தோஷத்தில் ஒருமுறை முகர்ந்திருப்பேன். அந்த எண்ணெய் மணக்காவிட்டாலும் மூக்குக்குள் குளிரும், அது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது, பிறகு சோதித்துப் பார்த்தேன். ஆனால் தீர்த்தத்தை யார் முகர்ந்து பார்க்கிறார்கள்? சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அவள் வாயில் விட்டேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"எரியுது" என்றாள். பிறகு, "என்னப்பா தந்தனீங்கள், நெஞ்சு எரியுது" என்று எழும்பி உட்கார்ந்து இருமத் தொடங்கினாள். பாதி கட்டிலில் கொட்டுப்பட்டது. எனக்கு ஒன்றும் மணக்கவில்லை மகன். காய்ச்சல் கூடிவிட்டது, தொண்டைப் புண் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் எடுக்க ஓடினேன். அந்த நேரம் கறி கொண்டுவந்த பரீதா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அங்கிள், ஊடு முழுக்க யூக்கலிப்டஸ் மணக்குது? ஊத்திப்போட்டீங்களா?"

"இல்லையே பிள்ளை, அன்டிக்குத் தீர்த்தம்தான் குடுத்தனான்."

அவள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி முகர்ந்தாள். முகம் மாறியது. "இது தண்ணி இல்ல அங்கிள்" என்றாள். உப்புத் தண்ணீர் கொடுத்துச் சத்தி எடுக்க வைத்து வெளியே கொண்டுவருவோம் என்று நான் குசினிக்கு ஓட, அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒண்டும் குடுக்காதீங்க, போத்தல எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று தன் புருசனைக் கூப்பிட்டு ஓட்டோவை வாசலுக்கு எடுப்பித்தாள். வழியில் அம்மாவுக்குத் தலை தொங்கத் தொடங்கியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், உடனே மூடிவிடுவாள். நான் உன்னுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தாள்.

டொக்டர் உன் வயதுப் பிள்ளைதான். "என்ன குடிச்சவ? போத்தல் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள். நான் சட்டைப் பையிலிருந்து மாதாவை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் ஒரு கணம் போத்தலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். மூடியைத் திறந்தவுடனேயே தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "ஐயா, உங்களுக்கு இது மணக்கேல்லையே?" என்றாள். எஞ்சின் அறையில் மூக்கால் வாழ்ந்த மனுசன், அத்தனை பேருக்கு முன்னால், "இல்லைப் பிள்ளை, எனக்கு மணம் தெரியாது" என்று சொன்னேன்.

அம்மாவுக்குச் சேலைன் ஏற்றினார்கள், சத்தி எடுத்தாள், பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தாள். மறுநாள் டொக்டர் கட்டிலடியில் வந்து நின்று எல்லாவற்றையும் விளக்கினாள். நீ ரொஷாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதால் எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். அந்த எண்ணெய் முகர, ஆவி பிடிக்க, வேறு எண்ணெயில் கலந்து பெரியவர்கள் பூச நல்லதுதான். தனியாகத் தோலில் பூசினால் எரியும். வாய்க்குள் போகவே கூடாது, கொஞ்சம் என்றாலும் நஞ்சுதான், மயக்கமும் வலிப்பும் வரலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கிலும் முகத்திலும் நெஞ்சிலும் வைக்கக்கூடாது, மூச்சே தடைப்படலாம். அப்படி லேஞ்சியில் விட்டுத்தான் என் மகனை வளர்த்தோம் என்று சொன்னேன். "அது உங்கட அதிர்ஷ்டம் ஐயா" என்றாள், சிரிக்காமல். தவறி யாராவது குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்கக்கூடாது, எண்ணெய் சுவாசப்பைக்குள் போய்விடும், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். பரீதா தடுத்திராவிட்டால் நான் செய்திருக்கக்கூடியது அதைத்தான். கடைசியில் டொக்டர், "பெரிய ஆள், பாதியைத் துப்பினபடியால் தப்பினா. ஒரு சின்னப் பிள்ளைக்கு இந்தக் கரண்டியைக் குடுத்திருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு வசனத்தை முடிக்காமல் விட்டாள். அந்த வசனத்தை நான் தினமும் முடித்துப் பார்க்கிறேன்.

ஏனென்றால் உன் மகளுக்குச் சளி பிடித்தால் நாங்கள் முதலில் என்ன செய்திருப்போம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியால் வரும் வழியில், ஓட்டோவுக்குள்ளேயே, அம்மா என் கையைப் பிடித்தாள். "பொடியனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா பிள்ளையைக் கொண்டு வரமாட்டாங்கள்" என்றாள். நான் "ஓம்" என்றேன். அந்த நேரம் அவள் என்ன கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் மிச்ச எண்ணெயை நான் கபில நிறக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, பெரிய எழுத்தில் பெயரும் "குடிக்கக் கூடாது" என்றும் எழுதி ஒட்டி, அலுமாரியின் மேல் தட்டில் பூட்டினேன். அந்த மாதா போத்தலைக் குப்பையில் போட அவள் விடவில்லை. மந்திரித்த பொருளைக் குப்பையில் போடுவதில்லையே. எண்ணெய் பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் இளகி, மாதாவின் முகம் மங்கிப்போயிருந்தது. மான் கிளறாத இடமாகப் பார்த்து, கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்தாள். சுரூபத் தட்டில் இப்போது சுரூபமும் மெழுகுதிரியும் மட்டும்தான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா சொல்கிறாள். போத்தல்தான் பிழை, போத்தலைப் புதைத்தாயிற்று என்கிறாள். அவளிடம் நான் விவாதிக்கவில்லை. ஆனால் முந்தாநாள் அவள் பூசைக்குப் போயிருந்தபோது பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழும்பிப் போனபோது பால் இல்லை, சட்டியின் அடியில் கரி இருந்தது, குசினி முழுக்கப் புகை. கதிரைக்கும் அடுப்புக்கும் இடையில் ஒரு சுவர்தான். காஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது. வயர் கருகினால் தெரியாது. பிள்ளை மூலையில் இருந்துகொண்டு எதையாவது திறந்து வாயில் வைத்தால், அது என்னவென்று அவள் வாயை முகர்ந்தும் என்னால் சொல்ல முடியாது. அவளோ இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறாள், கையில் அகப்படுகிறதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது என்று நீயே வீடியோ அனுப்பினாய். அதைப் பார்த்து அம்மா சிரித்தாள், நான் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அம்மா எந்நேரமும் வீட்டில் இருக்கமாட்டாள். சந்தைக்குப் போவாள், கோவிலுக்குப் போவாள். அந்த நேரமெல்லாம் உன் பிள்ளைக்குக் காவல் நான். என்னை நானே வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தால், மூக்கில்லாத ஒருவனை எஞ்சின் அறைக்குள் விட்டிருக்கமாட்டேன்.

கொண்டுவராதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். நாலு தாள் எழுதியும் அந்த வார்த்தையை எழுத முடியவில்லை. அந்தக் கட்டிலுக்கு அடித்த பெயின்ற் இந்த மழையில் இன்னும் முழுதாகக் காயவில்லை. அம்மா அதைத் தடவிப் பார்க்கும்போது நான் வேறு பக்கம் பார்க்கிறேன். கொண்டுவா என்றும் என்னால் எழுத முடியாது. நீ தகப்பன், முடிவு உன்னுடையது. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். முதலில் நீ தனியாக வா. ஒரு சனிக்கிழமை பஸ் எடுத்து, கந்தளாயில் தேத்தண்ணி குடிக்க இறங்காமல் நேரே வா. வந்து ஒவ்வொரு தட்டையும், அலுமாரியையும், கட்டிலுக்குக் கீழேயும் திறந்து பார். எல்லாப் போத்தலையும் முகர்ந்து பார். காஸ் அடுப்பைப் பார். என்னைப் பார். இந்த வீட்டில் உன் பிள்ளையை என்னோடு தனியே விடலாமா என்று பார்த்துச் சொல். விடலாம் என்றால் எனக்குப் பயத்தோடு சந்தோசம். ஏலாது என்றால் நான் கோபிக்கமாட்டேன், அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அவள் என்னோடு பேசாமல் விட்டாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நீ அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தாய். "தலையை மணந்து பாருங்கோப்பா" என்றாய். நான் குனிந்து மணந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "ஓம், பால் மணம்" என்று சொன்னேன். ஒன்றும் தெரியவில்லை மகன், துணியின் சூடு மட்டும்தான் தெரிந்தது. பால் மணம் என்றது உன்னுடையது, நீ பிறந்தபோது மணந்தது. அதைத்தான் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னேன். நீ வரும்போது, புறப்படுவதற்கு முன் அவள் தலையை ஒருமுறை நன்றாக மணந்துவிட்டு வா. வந்து, அது என்ன மணம் என்று எனக்குச் சொல்.

உன் அப்பா